பேமென்ட் எந்தப் போர்ட்டில் ஓடுகிறது? லேப்டாப்பில் மைக்ரோசர்வீஸ் ஓட்ட எந்த வழி தோது

எங்கள் சிஸ்டம் 14 சின்னச் சின்னத் தனிப் புரோகிராம்களாக (சர்வீஸ்) பிரிந்திருக்கிறது, இதைத்தான் மைக்ரோசர்வீஸ் என்பார்கள். ஒவ்வொன்றும் மெஷினில் தனக்கென ஒரு கதவு எண்ணில் (போர்ட்) காத்திருக்கும். எங்கள் டீமில் ஒரு ஷீட் இருந்தது. எந்த சர்வீஸ் எந்தப் போர்ட் என்று எழுதி வைப்பது மட்டுமே அதன் வேலை. ஆர்டர் 8081, பேமென்ட் 8082, இன்வென்டரி 8083 என்று போய் 14 வரிசையில் முடியும். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஷீட்டைப் பார்க்காமல் நோட்டிஃபிகேஷன் சர்வீஸுக்கு 8083 கொடுத்து மெர்ஜும் செய்துவிட்டார். மறுநாள் காலை புல் செய்த எல்லோருக்கும் ஒரே கூத்து. இரண்டில் எது முதலில் ஏறுகிறதோ அதற்குப் போர்ட் கிடைக்கும், பின்னால் வந்தது 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செத்துப்போகும், 14 சர்வீஸின் லாகும் ஒரே டெர்மினலில் ஓடும்போது அந்த ஒரு வரியை யார் பார்ப்பது? ஸ்டாக் எவ்வளவு என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு 404 வந்தது. நான் கேட்டது இன்வென்டரியிடம் இல்லை, நோட்டிஃபிகேஷனிடம் என்று புரிவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷத்தில் ஏறக்குறைய எல்லா வழியையும் பார்த்துவிட்டோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சர்வீஸ் டிஸ்கவரி பிராக்சி கட்சி, அதாவது பெயரைச் சொன்னால் அந்த சர்வீஸ் எங்கே ஓடுகிறது என்று தெரிந்து, நடுவில் நின்று அனுப்பிவைக்கும் புரோகிராம். ஆனால் நான்கு சர்வீஸ் வைத்திருப்பவர் இதைப் போட்டால் எலியை விரட்ட வீட்டைக் கொளுத்திய கதைதான், அறுபது சர்வீஸ் வைத்திருப்பவருக்கோ இது போதாது. கருவியைத் தேடப் போகும் முன் டீமுக்குள் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு நாளில் எத்தனை சர்வீஸின் கோடில் கை வைக்கிறீர்கள், மீதியெல்லாம் எங்கே ஓடுகிறது? எங்களுக்கு வந்த பதில், கை வைப்பது ஒன்றோ இரண்டோ, மீதி 12 சும்மா ஓடினால் போதும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தப் பதிலை வைத்துத்தான்.

போர்ட் நம்பரே போதும் என்பவர்களுக்கு

போதும்தான், நான்கைந்து சர்வீஸ் வரைக்கும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், யாருக்கும் விளக்க வேண்டாம், ஒரு என்வ் ஃபைலில் (செட்டிங்குகளை எழுதி வைக்கும் ஃபைல்) முகவரிகளை எழுதினால் வேலை முடிந்தது. சின்னச் சின்ன முள் உண்டு. மேக்கில் மான்டெரே வந்ததிலிருந்து 5000-ஆம் போர்ட்டை ஏர்பிளே ரிசீவர் பிடித்து வைத்துக்கொள்கிறது, வழக்கமாக அதே 5000-இல் ஓடும் பைத்தான் ஃப்ளாஸ்க்கில் எழுதுபவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அதில் முட்டியிருப்பார்கள். நோட்.ஜேஎஸ் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுவது) 17-க்கு மாறிய அன்று இன்னொன்று: லோக்கல்ஹோஸ்ட் (இதே மெஷின்) என்றால் 127.0.0.1 என்று நாம் நினைத்திருக்க, அது ஐபிவி6 முகவரியை முதலில் எடுத்துக்கொண்டு 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றது. சர்வீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அது கதவைத் திறந்து வைத்திருப்பது ஐபிவி4 பக்கம்.

இவை ஒரு முறை பட்டால் தீர்ந்துவிடும். தீராதது குக்கி. குக்கி ஹோஸ்ட் பெயரை மட்டும்தான் பார்க்கும், போர்ட்டைப் பார்க்காது. அட்மின் பக்கம் 3001-இலும் கஸ்டமர் பக்கம் 3002-இலும் ஓடுகிறது, இரண்டுமே 'செஷன்' என்ற பெயரில் குக்கி வைக்கிறது என்று வையுங்கள், ஒன்றில் லாகின் செய்தால் மற்றதில் வெளியே தள்ளிவிடும். சரி, போர்ட் வேறானாலும் இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டால், அங்கே சிஓஆர்எஸ் (ஒரு ஆரிஜின், அதாவது தளம், இன்னொன்றைக் கூப்பிடப் பிரவுசர் வைக்கும் கட்டுப்பாடு) வந்து நிற்கும், ஏனென்றால் அதற்குப் போர்ட் மாறினாலே வேறு ஆரிஜின். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆளுக்கொரு ஹோஸ்ட் பெயர் வேண்டும் என்று எங்களுக்கு முதலில் தோன்றியது இந்தக் குக்கியால்தான், மைக்ரோசர்வீஸ் தத்துவத்தால் எல்லாம் இல்லை.

எல்லாவற்றையும் காம்போஸில் போட்டால்?

டாக்கர் என்பது ஒவ்வொரு சர்வீஸையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி, பல கன்டெய்னர்களை ஒரே ஃபைலிலிருந்து எழுப்புவது காம்போஸ். டாக்கர் காம்போஸில் பெயர் இலவசமாக வருகிறது. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கன்டெய்னர்களுக்கு 127.0.0.11 என்ற முகவரியில் டாக்கரே ஒரு டிஎன்எஸ் வைத்திருக்கிறது. 'பேமென்ட்' என்று கேட்டால் பேமென்ட் கன்டெய்னரின் ஐபி வரும். போர்ட் சண்டை கிடையாது, உள்ளே எல்லோரும் 8080-இலேயே இருக்கலாம். புதியவர் ஒருவருக்கு முதல் நாளே முழு சிஸ்டத்தையும் எழுப்பிக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை, இன்றும் நாங்கள் அதற்கு இதைத்தான் வைத்திருக்கிறோம்.

சிக்கல் எங்கே என்றால், வேலை பார்க்கும்போது. பேமென்டில் ஒரு பக். அதை ஐடிஇயில் (கோடு எழுதும் எடிட்டர்) டீபக்கரோடு (வரி வரியாக நிறுத்திப் பார்க்கும் கருவி) ஓட்ட வேண்டும், ஆக அதைக் காம்போஸிலிருந்து வெளியே எடுக்கிறேன். இப்போது ஆர்டர் கன்டெய்னர் 'பேமென்ட்' என்று கூப்பிட்டால் அந்தப் பெயருக்கு ஆளே இல்லை. அந்த டிஎன்எஸ் கன்டெய்னர் உலகத்துக்கு மட்டும்தான், என் லேப்டாப் அதில் இல்லை. லேப்டாப்பையே குறிக்கும் ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல் என்ற பெயரைப் பயன்படுத்தலாம், லினக்ஸில் அதற்கும் ஹோஸ்ட்-கேட்வே என்று தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும், டாக்கர் 20.10-க்குப் பிறகுதான் அதுவும். சரி, சேர்த்தாயிற்று. ஆனால் பேமென்டைக் கூப்பிடும் ஆர்டர், ரீஃபண்ட், இன்வாய்ஸ் மூன்றின் என்விரான்மென்ட் வேரியபிளையும் மாற்றி மூன்றையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும், மாற்ற மறந்து கமிட் செய்யக் கூடாது. நான் இரண்டு முறை கமிட் செய்திருக்கிறேன்.

ரேம் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜாவா சர்வீஸ் ஒன்றுக்கு அரை ஜிபி என்றாலே 14-க்கு 7 ஜிபி, மேலே காஃப்கா (சர்வீஸ்களுக்கு இடையே மெசேஜ் கடத்துவது), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), அப்புறம் ஐடிஇ, பிரவுசர். 16 ஜிபி லேப்டாப்பின் விசிறிச் சத்தத்தில் மீட்டிங்கில் பேச முடியாது.

ரெஜிஸ்ட்ரி

எந்த சர்வீஸ் எங்கே ஓடுகிறது என்ற பட்டியலை வைத்திருப்பது ரெஜிஸ்ட்ரி. நெட்ஃப்ளிக்ஸ் 2012-இல் வெளியிட்ட யுரேகா, 2014-இல் ஹாஷிகார்ப் கொண்டுவந்த கான்சல் இரண்டையும் பற்றித்தான் எனக்கு நேரடியாகத் தெரியும். சர்வீஸ் எழுந்ததும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பதிவு செய்துகொள்ளும், மற்றவர்கள் அங்கே கேட்டுப் போவார்கள். புரொடக்ஷனிலும் (நிஜப் பயனர்களுக்காக ஓடும் இடம்) இதுவேதான் ஓடுகிறது என்றால் தயங்காமல் லோக்கலிலும் அதையே ஓட்டுங்கள், கீழே நான் எழுதும் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. புரொடக்ஷன் குபர்நெட்டிஸில் (பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டரில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிப்பது) இருக்க, லோக்கலுக்காக மட்டும் ஒரு ரெஜிஸ்ட்ரியைக் கொண்டுவந்து எல்லா சர்வீஸின் கோடிலும் அதன் லைப்ரரியைச் சேர்ப்பது வேண்டாத வேலை.

யுரேகாவின் எண்களைக் கவனியுங்கள். ஹார்ட்பீட், அதாவது 'உயிரோடு இருக்கிறேன்' என்ற செய்தி, 30 விநாடிக்கு ஒரு முறை, 90 விநாடி சத்தமே இல்லை என்றால்தான் பட்டியலிலிருந்து எடுக்கும், கிளையன்ட் தன் நகலைப் புதுப்பிப்பதும் 30 விநாடிக்கு ஒரு முறை. டேட்டா சென்டருக்கு இது நல்ல கணக்கு. ஐடிஇயில் சிவப்புப் பட்டனை அமுக்கி நிமிஷத்துக்கு ஒரு தடவை கொன்று எழுப்பும் நமக்கு, செத்தவன் பெயர் ரேஷன் கார்டில் நிற்பது போல நிற்கும். செல்ஃப் பிரிசர்வேஷன் என்று ஒன்று வேறு, ஹார்ட்பீட் குறைந்தால் நெட்வொர்க்கில்தான் கோளாறு என்று எண்ணிக்கொண்டு யாரையுமே நீக்காது. லோக்கலில் முதல் வேலையாக அதை அணைத்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய வம்பு, டீமுக்கே பொதுவாக ஒரு யுரேகா வைப்பது. வைத்திருந்தோம். ஒரு நாள் டெஸ்டர் 'பேமென்ட் அவ்வப்போது தொங்குகிறது, இரண்டு தடவைக்கு ஒரு தடவை' என்று டிக்கெட் போட்டார். நான் எடுத்துக்கொண்டு, காரணம் கண்டுபிடிக்க என் லேப்டாப்பில் பேமென்டை எழுப்பி பிரேக்பாயிண்ட் (கோடு ஓடும்போது வந்து நிற்க வேண்டிய இடம்) வைத்து உட்கார்ந்தேன். யார் ரிக்வெஸ்டோ தெரியவில்லை, வந்து வந்து என் பிரேக்பாயிண்டில் நின்றது. அப்போதுதான் உறைத்தது, முந்தின நாளிலிருந்தே என் லேப்டாப் அந்தப் பட்டியலில் இருக்கிறது, பாதி டிராஃபிக் எனக்குத்தான் வருகிறது, டெஸ்டர் தொங்குகிறது என்று சொன்னதே என்னைத்தான்.

கான்சலில் வேறு மாதிரி. அது 8600-ஆம் போர்ட்டில் டிஎன்எஸ் பேசும், அழகாகப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் டிஎன்எஸ் தரும் சாதாரண ஏ ரெக்கார்டில் ஐபி மட்டும்தான் இருக்கும், போர்ட் இருக்காது. எஸ்ஆர்வி ரெக்கார்டில் போர்ட் உண்டு, நாம் பயன்படுத்தும் எச்டிடிபி கிளையன்ட்களில் பெரும்பாலானவை அதைக் கேட்பதே இல்லை. லேப்டாப்பில் எல்லாமே 127.0.0.1 தான், வித்தியாசப்படுவது போர்ட் மட்டும்தான், அந்தப் போர்ட்டைத்தான் டிஎன்எஸ் சொல்லாது! பெயரைக் கேட்டுப் போர்ட்டைத் தெரிந்து அனுப்ப நடுவில் ஒருவர் வேண்டும் என்ற இடத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

நடுவில் நிற்கும் பிராக்சி

இது புது யோசனை ஒன்றும் இல்லை. ஏர்பிஎன்பி 2013-இல் வெளியிட்ட ஸ்மார்ட்ஸ்டாக்கில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு எச்ஏபிராக்சி நிற்கும், அப்ளிகேஷன் லோக்கல்ஹோஸ்டில் இருக்கும் அதனிடம் மட்டும் பேசும், யார் எங்கே இருக்கிறார் என்பதைப் பின்னால் இருக்கும் சிறு புரோகிராம் பார்த்து அதன் கான்ஃபிகை மாற்றிக்கொண்டே இருக்கும். அதையே லேப்டாப்புக்குச் சுருக்கினால் போதும். சர்வீஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், எல்லாப் பெயரும் பிராக்சியின் 80-ஆம் போர்ட்டுக்கு வரும், பிராக்சி, ரிக்வெஸ்டில் கேட்ட பெயர் எழுதியிருக்கும் ஹோஸ்ட் ஹெடரைப் பார்த்து உரியவரிடம் அனுப்பும். நான் பேமென்டை கன்டெய்னரிலிருந்து எடுத்து ஐடிஇயில் ஓட்டினாலும் ஆர்டருக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒரே இடத்தில் மாற்றம், ரீஸ்டார்ட் இல்லை.

எதைப் போடுவது? மூன்றைப் பார்த்தோம். என்ஜின்எக்ஸ் எல்லோருக்கும் பழக்கம், ஆனால் சாதாரணமாக எழுதும் கான்ஃபிகில் அது பெயருக்கான ஐபியைத் தொடக்கத்தில் ஒரு தடவைதான் கேட்கும். கன்டெய்னரை மறுபடி உருவாக்கி ஐபி மாறிவிட்டால் 502 பேட் கேட்வே. ரிசால்வர் வரியும் ஒரு வேரியபிளும் சேர்த்துச் சமாளிக்கலாம். கேடி, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மூன்றில் சாது அதுதான்: ஒரு சர்வீஸுக்கு இரண்டு மூன்று வரி, லோக்கல் எச்டிடிபிஎஸ் சான்றிதழைக்கூட அதுவே தயாரித்துக்கொள்ளும். பட்டியல் அடிக்கடி மாறாத டீமுக்கு நான் அதைத்தான் சொல்வேன். நாங்கள் நின்றது ட்ரேஃபிக்கில். அதன் உச்சரிப்பு நம் ரோட்டு டிராஃபிக்கேதான், குழப்பம் வேண்டாம் என்று இப்படி எழுதுகிறேன். டாக்கரோடு பேசும் வழியான டாக்கர் சாக்கெட்டை அது கேட்டுக்கொண்டே இருக்கும், கன்டெய்னர் எழுந்ததும் அதன் லேபிளைப் படித்து வழியைப் போட்டுவிடும், இறங்கினால் எடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: டாக்கர் சாக்கெட்டைக் கொடுப்பது மெஷினின் முழு அதிகாரமான ரூட்டைக் கொடுப்பது மாதிரி, ரீட் ஒன்லி என்று மவுண்ட் செய்வதால் அது மாறாது. லேப்டாப்பில் பரவாயில்லை, பொது சர்வரில் இதே ஃபைலைக் காப்பி அடிக்காதீர்கள்.

பெயரின் வாலில் என்ன வைப்பது என்பதிலேயே பல நாள் போனது. டெவ் என்று முடியும் பெயரை ஒரு காலத்தில் எல்லோரும் வைத்திருந்தார்கள். அது கூகுளின் டொமைன், 2017 டிசம்பரில் குரோம் 63 வந்ததும் அந்த வால் உள்ள எல்லாமே கட்டாயம் எச்டிடிபிஎஸ் ஆகி, லோக்கல் சைட்டுகள் வரிசையாகப் படுத்தன. லோக்கல் என்ற வால் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு (ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் மெஷின்களைப் பெயரால் தேடுவது) உரியது, மேக்கில் தேவையில்லாமல் இழுக்கும். லோக்கல்ஹோஸ்ட் என்ற வால் ஆசை காட்டும், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைத் தாமாகவே லூப்பேக்குக்கு (இதே மெஷினுக்கு) அனுப்பிவிடுகின்றன, ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் பிரவுசரோடு அந்தச் சுகம் முடிந்தது. கன்டெய்னருக்குள் இருந்து பேமென்ட்.லோக்கல்ஹோஸ்ட் என்று கேட்டால் பெயரே கிடைக்காமல் போகும், கிடைத்தாலும் அந்தக் கன்டெய்னர் தன்னையேதான் கூப்பிட்டுக்கொள்ளும். கடைசியில் டெஸ்ட் என்ற வாலுக்கு வந்தோம், 1999-இலிருந்து சோதனைக்கென்றே ஒதுக்கி வைத்தது, யாருக்கும் விற்க மாட்டார்கள். லேப்டாப் பக்கம் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன டிஎன்எஸ் புரோகிராமில் ஒரு வரி, அந்த வால் உள்ள எல்லாம் 127.0.0.1-க்கு. ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் எழுதலாம், ஆனால் அதில் நட்சத்திரக் குறி செல்லாது, ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக எழுத வேண்டும். கன்டெய்னர் பக்கம் ட்ரேஃபிக் கன்டெய்னருக்கே அத்தனை பெயர்களையும் நெட்வொர்க் அலியாஸாகக் கொடுத்துவிட்டோம். பேமென்ட்.டெஸ்ட் என்று உள்ளே இருந்து கேட்டாலும் வெளியே இருந்து கேட்டாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

அப்புறம்தான் ஆசை வந்தது. 12 சர்வீஸை எதற்கு லேப்டாப்பில் ஓட்ட வேண்டும், ஸ்டேஜிங்கில் (டீமுக்குப் பொதுவான சோதனை சர்வர்கள்) ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? ட்ரேஃபிக்கின் ஃபைல் கான்ஃபிகில் ஃபெயில்ஓவர் என்று உண்டு: முதலில் என் லேப்டாப்பின் 8082, ஹெல்த் செக்கில் அது இல்லை என்று தெரிந்தால் ஸ்டேஜிங். ஹெல்த் செக் இடைவெளி தானாக 30 விநாடி இருக்கும், அதை 2 விநாடியாக்கினோம். ஸ்டேஜிங்குக்கு அனுப்பும்போது ஹோஸ்ட் ஹெடரை அப்படியே அனுப்பாதே என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அங்கே வாசலில் நின்று வழி பிரிக்கும் இன்கிரஸுக்கு பேமென்ட்.டெஸ்ட் யாரென்றே தெரியாது. லேப்டாப்பின் விசிறி அன்றோடு அமைதியானது.

ஆனால் நான் ஒரு முழு மதியத்தை இழந்ததும் இதனால்தான். ரவுண்டிங் பக் ஒன்றைத் திருத்துகிறேன், ரன் செய்கிறேன், பழைய பதில்தான் வருகிறது. மறுபடி திருத்துகிறேன், லாக் வரி சேர்க்கிறேன், லாகே வரவில்லை. கேஷ் என்று சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் அழித்தேன். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் என் சர்வீஸ் ஒரு கான்ஃபிக் பிழையால் எழவே இல்லை, பிராக்சி சத்தமே இல்லாமல் ஸ்டேஜிங்கிலிருந்து பதில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு என்ற பிழை எவ்வளவு நல்ல பிழை என்று அன்றுதான் தெரிந்தது. இப்போது ஸ்டேஜிங் இன்கிரஸ் எல்லாப் பதிலிலும் ஒரு ஹெடர் சேர்க்கிறது, எங்கள் பொது எச்டிடிபி கிளையன்ட் அதைப் பார்த்தால் லாகில் சிவப்பில் ஒரு வரி எழுதும்.

அதே வகையில் இன்னொரு குழப்பம்: ட்ரேஃபிக்குக்கு வழி தெரியாத பெயர் வந்தால் '404 பேஜ் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லும். கோ மொழியில் எழுதிய சர்வீஸும் அச்சு அசலாக அதே வரியைத்தான் சொல்லும். 404 சொன்னது யார் என்று தெரிய டாஷ்போர்டைத் திறந்து பார்க்க வேண்டும். ஜிஆர்பிசி (எச்டிடிபி/2 மேல் ஓடும் அழைப்பு முறை) சர்வீஸ்களுக்கு எச்2சி (குறியாக்கம் இல்லாத எச்டிடிபி/2) என்று லேபிளில் சொல்லாவிட்டால் வேலை செய்யாது. போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், காஃப்கா இந்த வழியில் வரவே வராது, அவற்றுக்கு ஹோஸ்ட் ஹெடர் என்ற ஒன்றே கிடையாது, பழையபடி போர்ட்தான்.

எங்கே இது போதாது

ஸ்டேஜிங்குக்குப் போன அழைப்பு திரும்பி உங்கள் லேப்டாப்புக்கு வராது. லோக்கல் ஆர்டர் ஒரு ஆர்டரை லோக்கல் டேட்டாபேஸில் எழுதிவிட்டு ஸ்டேஜிங் பேமென்டைக் கூப்பிடுகிறது. பேமென்ட் அந்த நம்பரைச் சரிபார்க்க ஆர்டரைக் கூப்பிடும், ஆனால் அது கூப்பிடுவது ஸ்டேஜிங் ஆர்டரை, அங்கே அந்த நம்பரே கிடையாது. விளிம்பில் இருக்கும் சர்வீஸில் வேலை பார்ப்பவருக்கு இது வராது. நடுவில் இருக்கும் சர்வீஸ்காரருக்கு தினமும் வரும். எங்களில் ஆர்டர் டீம் அதனால் பேமென்டையும் ரீஃபண்டையும் சேர்த்தே லோக்கலில் எழுப்பிக்கொள்கிறது, இரண்டு கன்டெய்னர் கூடுதல், தாங்கும்.

தாங்காத அளவுக்குப் பின்னல் இருந்தால் டெலிபிரசன்ஸ் அல்லது மிரர்டி பக்கம் போக வேண்டியதுதான். டெலிபிரசன்ஸ் கிளஸ்டரில் ஒரு சர்வீஸுக்கு வரும் டிராஃபிக்கை இடைமறித்து உங்கள் லேப்டாப்புக்கு அனுப்பும், லேப்டாப்பிலிருந்து கிளஸ்டரின் பெயர்களையும் கூப்பிடலாம். மிரர்டி உங்கள் ஒரு புராசஸை மட்டும் பிடித்து அது கிளஸ்டருக்குள் இருப்பதாகவே நம்ப வைக்கும். டிராஃபிக்கைத் திருப்பாமல் நகல் மட்டும் எடுக்கும் வசதி உண்டு, பொது ஸ்டேஜிங்கில் அது பெரிய நிம்மதி. இரண்டுக்கும் கிளஸ்டரில் பெர்மிஷன் வேண்டும், அதை வாங்க பிளாட்ஃபார்ம் டீமின் மனம் இளக வேண்டும். நெட்டும் வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் விபிஎன் போட்டு நான் இதை முயன்றேன், பிரேக்பாயிண்டில் நின்று திரும்புவதற்குள் கனெக்ஷன் போய்விடும். க்யூப்சிடிஎல் போர்ட்-ஃபார்வர்டும் (கிளஸ்டரில் இருக்கும் போர்ட்டை லேப்டாப்புக்கு இழுத்து வைக்கும் கட்டளை) பலர் கையில் இருக்கிறது, ஒன்றிரண்டு சர்வீஸுக்குச் சரி, பாட் (கிளஸ்டரில் சர்வீஸ் ஓடும் கூடு) ரீஸ்டார்ட் ஆனதும் அறுந்துவிடும், பத்து டெர்மினல் டேபில் பத்து ஃபார்வர்டு வைத்திருப்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஆக எங்கள் நிலவரம் இது: 14 சர்வீஸ், கை வைப்பது ஒன்றிரண்டு, கோவும் ஜாவாவும் கலவை, புரொடக்ஷன் குபர்நெட்டிஸ். ட்ரேஃபிக், டெஸ்ட் வால், ஸ்டேஜிங் ஃபெயில்ஓவர், சிவப்பு வரி. செட்டப்புக்கு இரண்டு பேர் ஒரு வாரம் செலவிட்டோம், அதில் பெயரின் வாலுக்குப் போன நேரம்தான் அதிகம். உங்களிடம் ஐந்து சர்வீஸ் என்றால் கேடியும் ஹோஸ்ட்ஸ் ஃபைலும் போதும், ஒரு மணி நேர வேலை.

அந்த ஷீட் இன்னும் இருக்கிறது. மூன்று வரிசைதான்: போஸ்ட்கிரெஸ் 5432, ரெடிஸ் 6379, காஃப்கா 9092.